ஃபேனுக்கு ஒரு தட்டு

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஐந்து வகுப்பறைச் சுவர்களிலிருந்தும் உன் அட்டைகளைக் கழற்றி, ஆசிரியர் அறையில் என் மேசைமேல் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். ஜன்னல் வழியாக வெயில் நேராக விழுந்ததில் மேலிருந்த அட்டையின் லேமினேஷன் சூடேறி ஒரு பிளாஸ்டிக் வாடை கிளம்பியது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், இந்த அட்டைகள் கடையிலிருந்து புத்தம்புதிதாக வந்து இறங்கிய காலையில் அடித்த அதே வாடை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ போய்ச் சேர்ந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. உன் படத்துக்கு மாலை போட்டு அலுவலக வாசலில் மாட்டியிருக்கிறார் தாளாளர். காலையில் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் நீ என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். நான் தலையைக் குனிந்துகொண்டு பேனாவைத் தேடுகிறேன். உன்னை மேடம், மேடம் என்று கூப்பிட்டு என் நாக்கு அலுத்துவிட்டது. இந்த மடலில் மேடம் எல்லாம் கிடையாது. பழையபடி நீ, நான், ஏட்டி. அவ்வளவுதான்.

ஒரே ஜூன் மாதத்தில்தான் இருவரும் தச்சநல்லூர்ப் பள்ளியில் சேர்ந்தோம். நீ டவுனில் வாத்தியார் குடும்பத்துப் பெண், கான்வென்ட்டில் படித்தவள், பெரிய வகுப்புகளுக்கு வரலாறு. நான் ஏரலில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவள், இரண்டாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் நானே. வீட்டில் என்ன சண்டையோ, நீயும் என்னோடு மாடியறையில் வாடகைக்கு இருந்தாய். என் இங்கிலீஷ் பாடப் புத்தகத்தை நான் உனக்குத் தெரியாமல் தலையணைக்கடியில் வைப்பேன். ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதியிருப்பேன். அதைப் பார்த்து நீ சிரிப்பாய் என்று பயம். ஒருநாள் நீ பார்த்தும்விட்டாய். சிரிக்கவில்லை.

“எதுக்குட்டி ஒளிக்க? நானும் ஒண்ணாங்கிளாஸ்ல இப்படித்தான் எழுதுவேன். சிஸ்டர் பாத்துட்டு அழிக்கச் சொல்லுவாங்க. நீ அழிக்காத.”

அந்த ஒரு பேச்சுக்காக நான் உன்மேல் உயிரையே வைத்திருந்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

என் வகுப்பில் அப்போது பெரிய பாடாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஷிப், ஷீப். கப்பலும் ஆடும் பிள்ளைகளுக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டது. கப்பல் புல் தின்றது, ஆடு துறைமுகத்துக்கு வந்தது. ஒரு மாதம் தொண்டை கட்டக் கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளைகள் பல்லையும் பாலையும் குழப்புவதில்லை. எறியையும் ஏறியையும் குழப்புவதில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். அந்தக் காதை இங்கிலீஷ் பாட வேளையில் மட்டும் ஏன் வெளியே கழற்றி வைக்கச் சொல்கிறோம்? குறில் என்றால் விரல் முட்டியால் பெஞ்சில் ஒரு தட்டு. நெடில் என்றால் உள்ளங்கையைப் பெஞ்சின்மேல் நீளமாக ஒரு இழு. பென், தட்டு. பெயின், இழு. ஃபுல், தட்டு. ஃபூல், இழு. கிட், தட்டு. கைட் என்றால் ஐ வருகிறது, ஐயும் நமக்கு நெடில்தான், இழு. ஒரே வாரத்தில் கப்பல் கடலுக்குப் போனது, ஆடு புல்லுக்குப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குளிக்கையில் உனக்குக் காட்டினேன். படித்துறைக் கல்லில் முட்டியால் தட்டினேன். நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தண்ணீரை இழுத்து, “ஷீ...ப்” என்றாய். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நம்மைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

“இத ஒரு நோட்டுல எழுதி வையிட்டி. பெரிய ஆளா வருவ பாரு” என்றாய்.

எழுதினேன். நீல அட்டை போட்ட நீள நோட்டு. நமக்குக் கல்யாணம் ஆகி, மாடியறையைக் காலி செய்து, ஆளுக்கொரு வீடு போன பிறகும் வருஷக்கணக்கில் எழுதினேன். வகுப்பில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை, எந்தப் பிள்ளைக்கு எந்தச் சொல் சிக்கியது, எல்லாம் அதில் உண்டு. கடைசிப் பக்கத்துக்கு ‘வீட்டுச் சொற்கள்’ என்று தலைப்பு. பிள்ளைகள் வீட்டிலேயே பேசுகிற இங்கிலீஷ் சொற்கள், பன்னிரண்டு. ஃபேன், பேங்க், பேக், பேட், அடுப்புக் கேஸ், டேங்க், பேண்ட், காபி, டாக்டர், ஆபீஸ், காலேஜ், பாக்கெட். எல்லாவற்றையும் ‘இழு’ பக்கம் போட்டிருந்தேன். நம் வாயில் அப்படித்தானே வருகிறது? ஃபேனைப் போடு என்று சொல்லும்போது யார் தட்டுகிறார்கள்?

“ரெண்டு நாளைக்குக் குடுட்டி. பாத்துட்டுத் தாரேன்” என்று நீ நோட்டை வாங்கிப் போனாய். இரண்டு நாள் இரண்டு வாரம் ஆனது. நான் கேட்கவும் இல்லை. உன்னிடம் இருந்தால் என்னிடம் இருப்பதுபோல என்று நினைத்தேன். என் மடத்தனத்தை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் என் வகுப்பில் ஒன்று நடந்தது. துபாயிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. ஃபேன் என்றேன். முப்பது கைகள் பெஞ்சில் இழுத்தன. அது மட்டும் தட்டியது. எல்லாரையும் பார்த்துச் செய் என்றேன். “இல்ல மிஸ், தட்டுதான்” என்றது. நானே அதன் கையைப் பிடித்துப் பெஞ்சில் இழுத்துவிட்டேன். பிள்ளை கண் கலங்கிவிட்டது. மனசு கேட்கவில்லை. சாயந்திரம் கம்ப்யூட்டர் அறைக்குப் போய், அகராதி சிடியைப் போட்டுக் கேட்டேன். தட்டுதான். பேங்க்கைக் கேட்டேன், தட்டு. காபி, தட்டு. பன்னிரண்டும் தட்டு. அந்தச் சொற்கள் நம் வீட்டுக்குள் வந்த பிறகு நாம் நம் வசதிக்கு நீட்டிக்கொண்டோம். தமிழில் பேசும்போது அதில் ஒரு குற்றமும் இல்லை. இங்கிலீஷ் வகுப்பில் அதையே சொல்லிக் கொடுத்தால் தப்பு. மறுநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். நோட்டு திரும்பி வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டு வரவில்லை. அட்டைகள் வந்தன.

காலை வழிபாட்டில் தாளாளர் கையால் திறந்து வைத்தார்கள். ஆளுயர அட்டை, பளபளவென்று லேமினேஷன். மேலே ‘தட்டு–இழு முறை’. அதற்குக் கீழே ‘உருவாக்கம்’ என்று போட்டு, தங்க நிறத்தில் உன் பெயர். என் ஷிப், என் ஷீப், என் கிட், என் கைட். நீ மைக்கில் பேசினாய். பிள்ளைகளின் தாய்மொழிக் காதை நாம் மதிக்க வேண்டும் என்றாய். என் நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்த வரி அது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பக்கத்தில் நின்றவள் பார்த்தாளே என்று.

வராந்தாவில் உன்னை மறித்து, “என் நோட்ட எங்கட்டி?” என்றேன்.

“எந்த நோட்டு?” என்றாய்.

அவ்வளவுதான். முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. நான் விடவில்லை, மதியம் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் நடுவில் கேட்டேன். நீ காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னாய்: “நீ பேசுத ஏரல் இங்கிலீஷ வச்சு ஒரு முறைய கண்டுபிடிச்சேன்னு சொன்னா, யாரு நம்புவா?” இரண்டு பேர் சிரித்தார்கள். பென்சில் எழுத்தை அழிக்காதே என்று சொன்ன அதே வாய். அடுத்த ஜூனில் தொடக்கப் பிரிவுக்கு நீ தலைமையாசிரியை. அந்த அட்டையைக் காட்டித்தான் அந்த நாற்காலி உனக்கு வந்தது.

ஆனால் நீ ஒன்றைக் கவனிக்கவில்லை. அட்டையின் அடிப்பகுதியில், கட்டம் கட்டி, வீட்டுச் சொற்கள். பன்னிரண்டும் ‘இழு’ பக்கம். உனக்கு இங்கிலீஷ் தண்ணீராக வரும், ஆனால் எது குட்டை எது நீளம் என்று நின்று கேட்டவள் இல்லை நீ. என் பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாய். திறப்பு விழா அன்றே நான் பார்த்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வாயைக்கூடத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். கிடக்கட்டும் என்று விட்டேன். திருடினாய் அல்லவா, என் தப்பையும் சேர்த்து வைத்துக்கொள். ஒருநாள் விவரம் தெரிந்த யாராவது வந்து எல்லோருக்கும் முன்னால் உன்னைக் கேட்பார்கள், நீ முழிப்பாய், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். என் பழி அப்படித்தான் ஆரம்பித்தது, வாயைத் திறக்காமல்.

எவ்வளவு ருசித்தேன் தெரியுமா! தினமும் காலையில் முதல் வேளையில் மற்ற வகுப்புகளிலிருந்து “ஃபே...ன், பே...ங்க்” என்று இழுக்கிற சத்தம் வராந்தா முழுக்க வரும். எனக்குக் காபி குடித்த தெம்பு வரும். பார்வையாளர்கள் வந்தால் நீயே வகுப்புக்குள் போய், வளையல் குலுங்க உள்ளங்கையை மேசைமேல் இழுத்துக் காட்டுவாய். நான் வாசலில் நின்று பணிவாகச் சிரிப்பேன். என் வகுப்பில் மட்டும் அட்டையின் அடிப்பகுதியை மறைத்து ஒரு தினசரிக் காலண்டரைத் தொங்கவிட்டிருந்தேன். என் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த பிள்ளைகளைப் பற்றி நான் நினைக்கவில்லை. நினைக்கக் கூடாது என்று இருந்தேன் என்பதுதான் உண்மை.

கேட்கத்தான் யாரும் வரவில்லை. வந்தவர்களுக்கும் அதே வாய், அதே ஃபேன். இப்படியே பதின்மூன்று வருஷம் போனது.

கடைசியாக உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். அதற்குமுன் ஆறு மாதம் மகளோடு வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்திருந்தாய். வந்ததும் படுத்துவிட்டாய். உன் மகள்தான் எனக்குப் போன் போட்டாள், அம்மா உங்களைக் கேட்கிறாள் என்று. மன்னிப்புக் கேட்கப் போகிறாய் என்று நினைத்து, முடியாது என்று சொல்வதற்கு ஆட்டோவிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நீ பாதியாக இளைத்துக் கிடந்தாய். மகள் மருந்து வாங்கக் கீழே போன பிறகு பேசினாய்.

“என் பேத்தி அங்கன இஸ்கூல்ல படிக்கா. நான் ஃபேனுன்னு சொன்னா சிரிக்கா. இழுக்காதீங்க, அது ஷார்ட்டுங்கா.” மூச்சு வாங்கினாய். “உன் கிளாஸ்ல அந்தக் காலண்டரு ஏன் அங்கன தொங்குச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது.”



மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நீ கண்ணால் காட்டினாய். ஊசி குத்திய கையைப் பைய நகர்த்தி, கட்டில் கம்பியில் முட்டியால் ஒரு தட்டு தட்டினாய்.

“தட்டுதானட்டி?”

என்ன கேட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று ஆகியிருக்கும். நோட்டு என்னுடையது, தப்பும் என்னுடையது, எனக்குத் தெரிந்திருந்தது, உனக்கும் தெரிந்திருந்தது. ஒரு நிமிஷத்தில் எல்லாம் நேராகியிருக்கும். நான் உன் போர்வைமேல் என் உள்ளங்கையை வைத்தேன். தலைமாட்டிலிருந்து கால்மாட்டை நோக்கி, நிதானமாக, நீளமாக இழுத்தேன்.

“இழு” என்றேன். “அட்டையில அப்படித்தான மேடம் போட்டிருக்கு?”

நீ கண்ணை மூடிக்கொண்டாய். அழுதாயா என்று நான் பார்க்கவில்லை. படியிறங்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் உன் வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, நான் உன் புத்தக அலமாரியில் நீல அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் உனக்கு மடல் எழுதியிருக்க மாட்டேன்.

இந்த ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் புது டீச்சர் வந்திருக்கிறாள். முத்துச்செல்வி. நம் பள்ளிப் பிள்ளைதான். அட்டை வந்த வருஷம்தான் மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவள், என் வகுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம். நேற்று நான் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்து நின்றாள்.

“டீச்சர், இதுல ஒண்ணு எனக்குத் தாரீங்களா? நான் டீச்சராவணும்னு நெனச்சதே இந்த அட்டையப் பாத்துத்தான்.”

எடுத்துக்கொள் என்றேன். அவள் போகவில்லை. அட்டையின் அடிப்பகுதியை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள். இங்கே வருவதற்குமுன் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு நேர்காணலுக்குப் போனாளாம். மாதிரிப் பாடம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். இவள் தட்டு–இழு முறையை எடுத்திருக்கிறாள். பாதிவரை அசந்துபோய்ப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுச் சொற்களுக்கு வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இதை யார் சொல்லிக் கொடுத்தது, எந்த ஊர் இங்கிலீஷ் என்று கேட்டார்களாம்.

“எங்க மேடம் சொன்னது தப்பா இருக்காதுன்னு அவங்ககிட்டயே சண்ட போட்டுட்டு வந்துட்டேன் டீச்சர். தப்பா இருக்காதுல்லா?”

நான் பதின்மூன்று வருஷமாகக் காத்திருந்த கேள்வி. எல்லோருக்கும் முன்னால் நீ முழிக்க வேண்டும் என்று நினைத்தேன். முழித்துக்கொண்டு நின்றது இந்தப் பிள்ளை.

“தப்புதாம்மா” என்றேன். “பன்னெண்டும் தப்பு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்த அட்டையில இருக்கத ஒரு நோட்டுல எழுதினதே நான்தான். தப்பைக் கண்டுபிடிச்சதும் நான்தான். நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போதே எனக்குத் தெரியும்.”

அவள் அட்டையிலிருந்து விரலை எடுத்தாள். “அப்ப ஏன் டீச்சர் சொல்லல?”

எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, எந்த நோட்டு என்றது, காலண்டர், எல்லாம். நியாயம் என் பக்கம் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

“உனக்குச் செய்யணும்னு செய்யலம்மா. அவளுக்குத்தான் செஞ்சேன்.”

“ஆனா எனக்குல்லா டீச்சர் பட்டுது” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை.

இன்று காலையில் சீக்கிரமே வந்து, ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் விரித்தேன். அழியாத மார்க்கரால் பன்னிரண்டு சொற்களையும் அடித்து, ‘தட்டு’ பக்கம் எழுதினேன். பிறகு உன் தங்கப் பெயரைப் பார்த்தேன். அடிக்கத்தான் மார்க்கரைக் கொண்டுபோனேன். அடிக்கவில்லை. அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன், இந்தப் பள்ளிச் சுவரில் முதல்முறையாக. பக்கத்தில், ‘முறை என்னுடையது, அடித்திருக்கும் பன்னிரண்டு தப்பும் எங்கள் இருவருடையவை’ என்று எழுதினேன். தாளாளர் பார்த்தால் கேட்பார். கேட்கட்டும். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு இருக்கப் போவதில்லை.

முத்துச்செல்வி வாசித்துப் பார்த்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அறைகளில் ஈர வாடை என்பதால் அவளுடைய பிள்ளைகள் வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் கேட்கிறது. “ஃபேன்” என்கிறாள். முப்பது விரல் முட்டிகள் ஒன்றாகத் தரையில் தட்டுகின்றன.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். அந்தப் போர்வைமேல் இழுத்த கை இதுதான், இதை வைத்துக்கொண்டுதான் இனியும் சோறு தின்ன வேண்டும், பாடம் நடத்த வேண்டும். ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேசையில் முட்டியால் ஒரு தட்டு தட்டினேன்.

ஆமாட்டி, தட்டுதான். நான் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு. என் நோட்ட எங்க?